ஐந்தாண்டு வாக்கும் ஓராண்டுத் தலைவரும்: சிறார் வாசிப்புக்கு ஒரு சேவைச் சங்கம் துணைநின்ற முறை

ரோட்டரி சங்கங்களின் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி அடுத்த ஜூன் 30 அன்று முடிகிறது. அந்த நாளோடு தலைவர் மாறுகிறார். பெரும்பாலான சங்கங்களில் செயற்குழுவும், பல சமயம் அந்த ஆண்டுக்கென்று எடுத்துக்கொண்ட திட்டங்களும் மாறுகின்றன. ஆனால் ஊரில் பிறக்கும் ஒரு குழந்தைக்கு ஐந்து வயது நிறையும் வரை மாதம் ஒரு புத்தகம் வீடு தேடி வரும் என்று ஒரு சங்கம் வாக்குக் கொடுத்துவிட்டால், அந்த வாக்கைக் காப்பாற்ற அடுத்தடுத்து ஐந்து தலைவர்களேனும் வேண்டும். அமெரிக்காவின் சிற்றூர்களில் ரோட்டரி, கிவானிஸ் போன்ற சேவைச் சங்கங்கள் இப்படி மாதம் ஒரு புத்தகம் அனுப்பும், பாடகி டாலி பார்ட்டனின் இமேஜினேஷன் லைப்ரரி என்ற திட்டத்துக்கு உள்ளூர்ப் பங்காளியாக அமையும்போது இந்த முரணை எப்படிக் கையாள்கின்றன, எந்த இடத்தில் தடுமாறுகின்றன என்பதே இந்த ஆய்வின் பொருள். தனி ஒரு சங்கத்தின் பெயரைச் சொல்லி அதன் கதையை எழுதுவதைவிட, இத்தகைய சங்கங்களுக்குப் பொதுவாக உள்ள நடைமுறையை எடுத்துக்கொள்வதே பயன் தரும் என்று கருதுகிறேன்.

திட்டத்தின் பிறப்பு

டாலி பார்ட்டன் கிழக்கு டென்னசியின் செவியர் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது), மலையடிவாரத்து ஏழைக் குடும்பமொன்றில் பிறந்து ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையில் புகழ்பெற்றவர். அவருடைய தந்தை ராபர்ட் லீ பார்ட்டனுக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது. உழைப்பிலும் உலக அறிவிலும் குறைவில்லாத ஒரு மனிதர் எழுத்தறியாமையால் வாழ்நாள் முழுவதும் கூசி நின்றதைப் பார்த்ததே இந்தத் திட்டத்துக்கு வித்து என்று பார்ட்டன் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் 1988இல் நிறுவிய டாலிவுட் அறக்கட்டளை முதலில் கை வைத்தது பெரிய பிள்ளைகளின் சிக்கலில்தான். செவியர் கவுண்டியில் பள்ளியை இடையில் விடுவோர் மிகுந்திருந்த காலம் அது. 1990களின் தொடக்கத்தில், ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் இருவராக இணைந்து, இருவருமே பள்ளிப் படிப்பை முடித்தால் ஒவ்வொருவருக்கும் 500 டாலர் தருவதாக அறக்கட்டளை அறிவித்தது. அந்த வகுப்புகளில் இடைநிற்றல் 35 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டுக்குக் குறைந்ததாக அறக்கட்டளை தெரிவிக்கிறது. இந்த அனுபவத்துக்குப் பிறகு அறக்கட்டளையின் கவனம் படிப்படியாக வயதில் கீழிறங்கிப் பிறந்த குழந்தையிடம் வந்து நின்றது. 1995இல் செவியர் கவுண்டிக் குழந்தைகளுக்கு மட்டும் என்று இமேஜினேஷன் லைப்ரரி தொடங்கியது.

திட்டம் மிக எளிமையானது. குழந்தையின் பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றைப் பெற்றோர் பதிந்தால் போதும். வருமானச் சான்று எதுவும் கேட்கப்படுவதில்லை. மாதம் ஒரு புத்தகம், குழந்தையின் பெயர் அச்சிட்ட முகவரியோடு அஞ்சலில் வரும். பிறந்தவுடன் பதிந்த குழந்தைக்கு ஐந்தாவது பிறந்த நாளுக்குள் 60 புத்தகங்கள் வரை சேரும். வயதுக்கேற்ற நூல்களை வல்லுநர் குழு ஒன்று தேர்வு செய்கிறது. குழந்தை தன் பெயரைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும் வயதில், அஞ்சல் பெட்டியில் தன் பெயரோடு ஒரு பொருள் வருவது அதற்கு என்னவாக இருக்கும் என்பதைக் குழந்தைகளோடு பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2004இல் டென்னசியின் ஆளுநர் பில் பிரெடசன் காலத்தில் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டுத் திட்டம் மாநிலத்தின் 95 கவுண்டிகளுக்கும் விரிந்தது. 2006இல் கனடாவிலும், 2007இல் இங்கிலாந்தின் ரோதரமிலும், பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் தொடங்கியது. 2018இல் பத்துக் கோடியாவது புத்தகம் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் வழங்கப்பட்டது. அடுத்த ஐந்தே ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை இருபது கோடியைத் தாண்டியது.

செலவைப் பிரித்த விதம்

இவ்வளவு வேகமாக ஒரு திட்டம் பரவியதற்குப் பாடகியின் புகழை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பொறுப்பு பிரிக்கப்பட்ட விதமே முதன்மையான காரணம். நூல் தேர்வு, பதிப்பகத்தோடு பேரம், பதிவுக்கான கணினி அமைப்பு, புத்தகத்தை அனுப்பும் ஏற்பாடு ஆகிய நிர்வாகச் சுமையை அறக்கட்டளை ஏற்றுக்கொள்கிறது. உள்ளூர்ப் பங்காளி, தன் பகுதிக் குழந்தைகளைக் கண்டுபிடித்துப் பதிய வேண்டும். அவர்களுக்குச் செல்லும் புத்தகத்தின் விலையையும் அஞ்சல் கட்டணத்தையும் மாதந்தோறும் கட்ட வேண்டும். மொத்தமாக அச்சிடுவதாலும், தொண்டு நிறுவனங்களுக்கான சலுகை அஞ்சல் கட்டணத்தாலும், ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 25 டாலர் என்ற கணக்கு நெடுங்காலம் நிலவியது. அண்மை ஆண்டுகளில் காகித விலையும் அஞ்சல் கட்டணமும் ஏறியதால் அது உயர்ந்திருக்கிறது. இருந்தாலும், கடையில் ஒன்றிரண்டு படப் புத்தகங்கள் வாங்கும் தொகைக்கு ஓராண்டுக்கான பன்னிரண்டு புத்தகங்கள் என்பது இன்றும் மலிவுதான்.

உள்ளூர்ப் பங்காளி யார் வேண்டுமானாலும் ஆகலாம்: பொது நூலகம், பள்ளி மாவட்டம், யுனைடெட் வே போன்ற தொண்டமைப்பு, சேவைச் சங்கம். சங்கம் நேரடியாகப் பங்காளியாவதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. அமெரிக்க வரிச் சட்டப்படி ரோட்டரி சங்கம் பொதுவாக 501(சி)(4) என்ற பிரிவின் கீழ் வருகிறது. அதற்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிவிலக்கு இல்லை. ஆகவே பெரும்பாலான சங்கங்கள், நன்கொடைக்கு வரிவிலக்கு உள்ள 501(சி)(3) பிரிவில் தனியாக ஓர் அறக்கட்டளை வைத்திருக்கின்றன. இமேஜினேஷன் லைப்ரரி ஒப்பந்தம் அதன் பெயரிலோ, ஊர் நூலக நண்பர்கள் குழுவின் பெயரிலோ அமைகிறது. வெறும் காகித வேலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பின்னால் பார்க்கப்போவதுபோல, ஆண்டுதோறும் தலைவர் மாறும் சங்கத்துக்குள் நீண்ட நாள் உறுப்பினர்களைக் கொண்ட தனி அறக்கட்டளை ஒன்று இருப்பதே பல இடங்களில் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது.

மதிய உணவுக் கூட்டம்

இனி, இந்த முடிவு எடுக்கப்படும் இடத்துக்கு வருவோம். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸும் மூன்று நண்பர்களும் கூடியதிலிருந்து, ரோட்டரி சங்கத்தின் உயிர் அதன் வாரக் கூட்டத்தில்தான் இருக்கிறது. 2016இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் பேரவை அவற்றைத் தளர்த்தி, மாதம் இருமுறை கூடினால் போதும் என்று சங்கங்களுக்கு விடுதலை கொடுத்த பிறகும், சிற்றூர்ச் சங்கங்களில் பல வாரந்தோறும் கூடும் பழக்கத்தை விடவில்லை.

கூட்டத்தின் ஒழுங்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். உணவகத்தின் பின்கட்டிலோ தேவாலயத்துக் கூடத்திலோ பகல் பன்னிரண்டு மணிக்குத் தலைவர் மணியடிப்பார். கொடிக்கு உறுதிமொழி, சுருக்கமான பிரார்த்தனை, சில இடங்களில் ஒரு பாட்டு. சாப்பாட்டுக்கு இடையில் விருந்தினர் அறிமுகம், அறிவிப்புகள். பிறகு ‘ஹேப்பி டாலர்’: பேரன் பிறந்தான், மகள் பட்டம் பெற்றாள், உள்ளூர்க் கால்பந்து அணி வென்றது என்று மகிழ்ச்சியை எழுந்து சொல்லி ஒரு டாலரையோ ஐந்து டாலரையோ கூடையில் போடுவது. அதன்பின் இருபது நிமிட விருந்தினர் உரை. முடிவில், ரோட்டரி உறுப்பினர் ஹெர்பர்ட் டெய்லர் 1932இல் வகுத்த, ‘இது உண்மையா?’ என்று தொடங்கும் நான்கு கேள்விகள் கொண்ட நெறிமுறைச் சோதனையை உரக்கச் சொல்லிவிட்டுச் சரியாக ஒரு மணிக்குக் கலைவார்கள். ஒரு மணிக்கு மேல் பேசும் விருந்தினரை அடுத்த முறை அழைக்கமாட்டார்கள் என்பது எழுதப்படாத விதி.

பேச வந்தவருக்குக் கோப்பையோ பேனாவோ பரிசளிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டுப் பல சங்கங்கள் வேறொரு வழக்கத்துக்கு மாறியுள்ளன. ஒரு சிறுவர் புத்தகத்தை மேசைமேல் வைத்து, பேச்சாளரை அதில் கையெழுத்திடச் செய்து, அவர் பெயரால் அதை ஊர்த் தொடக்கப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஐம்பது கூட்டம் நடந்தால் ஐம்பது புத்தகம். சிறிய காரியம்தான், ஆனால் வங்கி மேலாளரும் வண்டி விற்பனையாளரும் பல் மருத்துவரும் கூடும் அந்த மேசையில் வாரந்தோறும் ஒரு சிறுவர் புத்தகம் கைமாறுவதால், சிறார் வாசிப்பு என்ற பொருள் அவர்களுக்குப் புதிதல்லாமல் போகிறது. ஊர் நூலகரோ மழலையர் பள்ளி ஆசிரியரோ வந்து இமேஜினேஷன் லைப்ரரியைப் பற்றிப் பேசும்போது அவர் சொல்வதைக் கேட்கும் காது அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ரோட்டரியின் ஏழு முதன்மைத் துறைகளுள் அடிப்படைக் கல்வியும் எழுத்தறிவும் ஒன்று. செப்டம்பர் அதற்குரிய மாதம். ஆகவே இத்தகைய உரைகள் பெரும்பாலும் செப்டம்பரில்தான் அமைகின்றன.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1987 வரை இந்த மேசையில் பெண்களுக்கு இடமில்லை. கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் 1977இல் பெண்கள் மூவரைச் சேர்த்ததற்காக ரோட்டரி தலைமை அதன் அங்கீகாரத்தையே பறித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1987 மே மாதம் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. இன்று எழுத்தறிவுக் குழுவின் தலைமையில் ஓய்வுபெற்ற ஆசிரியையோ நூலகரோ இருப்பது இயல்பு. அந்தத் தீர்ப்பு இல்லாமல், சிறு குழந்தைகளின் வாசிப்பு என்ற பொருள் இச்சங்கங்களின் நிரலில் இவ்வளவு மேலே வந்திருக்குமா என்பது ஐயமே.

உரையைக் கேட்டுக் கைதட்டுவதற்கும் திட்டத்தை ஏற்பதற்கும் இடையே இயக்குநர் குழுவின் வாக்கெடுப்பு இருக்கிறது. அங்கே பொருளாளர் கேட்கும் கேள்விதான் இந்த ஆய்வின் நடுநாடி: “முதல் ஆண்டுக்குப் பணம் இருக்கிறது, ஐந்தாம் ஆண்டுக்கு?”

வெற்றியே சுமையாகும் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 200 குழந்தைகள் பிறக்கும் சிறிய கவுண்டி ஒன்றில், பாதிப் பேர் பிறந்தவுடன் பதிவதாகக் கொள்வோம். 25 டாலர் என்ற பழைய விலையிலேயே, முதல் ஆண்டு 100 குழந்தைகளுக்கு 2,500 டாலர். ஒரு பான்கேக் காலை விருந்தோ கோல்ஃப் போட்டியோ நடத்தினால் வந்துவிடும் தொகை. ஆனால் அடுத்த ஆண்டு பழைய நூறு பேரும் பட்டியலில் இருப்பார்கள். புதிய நூறு பேர் சேர்வார்கள். ஐந்தாம் ஆண்டில் 500 குழந்தைகள், 12,500 டாலர். அதன்பிறகுதான் ஐந்து வயது நிறைந்து வெளியேறுவோரும் புதிதாகச் சேர்வோரும் சமமாகிச் செலவு நிலைபெறும். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளும் பதியலாம் என்பதால் நடைமுறையில் ஏற்றம் இதைவிடச் செங்குத்தாகவும் இருக்கக்கூடும்.

பெரும்பாலான அறப்பணிகளில் சங்கம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. நம் ஊர்களில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ரோட்டரியும் அரிமா சங்கமும் நோட்டுப் புத்தகம் வழங்குகின்றன. கையில் இருக்கும் பணத்துக்கு எத்தனை நோட்டோ அத்தனை மாணவர்கள், அவ்வளவுதான். அமெரிக்காவிலும் இதற்கு இணையான பழக்கம் உண்டு. 1992இல் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில் ஆனி பிளம்மர் என்ற பெண்மணி பள்ளிப் பிள்ளைகளுக்கு அகராதி வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார். அதைப் பின்பற்றி 1995இல் தென் கரோலினாவில் எழுந்த டிக்‌ஷனரி புராஜெக்ட் வழியாக, நாடெங்கும் சேவைச் சங்கங்கள் மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆளுக்கோர் அகராதி வழங்குகின்றன. நல்ல பணிதான். ஒரு காலை நேரம், ஒரு வகுப்பறை, ஒரு புகைப்படம், கணக்கு முடிந்தது. அடுத்த தலைவருக்கு விருப்பமில்லாவிட்டால் அடுத்த ஆண்டு நிறுத்தலாம். எந்தக் குழந்தையிடமும் வாக்குத் தவறியதாகாது.

இமேஜினேஷன் லைப்ரரியில் அளவைத் தீர்மானிப்பது ஊர்ப் பெற்றோர்கள். சங்கம் எவ்வளவு நன்றாக வேலை செய்து எவ்வளவு குடும்பங்களைச் சேர்க்கிறதோ அவ்வளவு செலவு கூடும். புகைப்படத்துக்கும் இடமில்லை, புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அஞ்சல்காரர். உறையின் மேல் இருப்பது குழந்தையின் பெயரும் ஒரு பாடகியின் பெயரும். பணம் கொடுத்த சங்கத்தைப் பல பெற்றோர்களுக்குத் தெரியவே தெரியாது. என் பார்வையில், ஒரு சங்கம் இதை ஏற்கத் தயங்குவதற்குப் பணத்தைவிட இந்தக் கண்ணுக்குத் தெரியாமையே பெரிய காரணம். உறுப்பினர்களை ஈர்ப்பதும் வைத்துக்கொள்வதும் கடினமாகிவரும் காலத்தில், ஊர் பார்க்கும் பணியைச் செய்ய வேண்டிய நெருக்கடி சங்கங்களுக்கு இருக்கிறது.

இதைச் சமாளிக்கும் சங்கங்கள் இரண்டு வழிகளைக் கையாள்கின்றன. ஒன்று, உறுப்பினர்களையும் ஊர்க் கடைகளையும் ‘ஒரு குழந்தையை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று கேட்பது; ஆண்டுக்கு ஒரு குழந்தையின் செலவு எளிதில் புரியும் தொகை என்பதால், பொத்தாம்பொதுவான நன்கொடை வேண்டுகோளைவிட இது பலிக்கிறது. மற்றொன்று, சுமையைத் தனியாகத் தூக்காமல் நூலகம், மருத்துவமனை, வங்கி, மற்றச் சங்கங்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்வது. டெட்ராய்ட்டில் 1915இல் தோன்றிய கிவானிஸ் குழந்தைகள் நலனையே தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. ரோட்டரிக்கும் கிவானிஸுக்கும் ஊரில் இருக்கும் பழைய போட்டி ஒரே அஞ்சல் கட்டணப் பட்டியலின் முன் மறைந்துபோவதுண்டு.

பட்டியலில் வராதவர்கள்

பணத்துக்கு அடுத்த சிக்கல் பதிவு. படித்த, இணையத்தில் பழகிய பெற்றோர்கள் தாமாகவே பதிந்துகொள்வார்கள். யாருடைய வீட்டில் புத்தகமே இல்லையோ அவர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. மகப்பேற்று மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் படிவத்தைக் கையில் கொடுப்பது பயனுள்ள வழி. 1965இலிருந்து ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கென நடத்தப்படும் ஹெட் ஸ்டார்ட் மையங்கள், ஊட்டச்சத்து உதவி அலுவலகங்கள், சலவை நிலையங்கள், உணவு வங்கிகள் ஆகிய இடங்களில் உறுப்பினர்கள் மேசை போட்டு உட்காருவதும் உண்டு. காசோலை எழுதுவதைவிட இந்த மேசை வேலையில்தான் ஒரு சங்கத்தின் உண்மையான ஈடுபாடு தெரியும்.

பதிந்த பிறகும் குழந்தைகள் நழுவுகிறார்கள். வாடகை கட்ட முடியாமல் அடிக்கடி வீடு மாறும் குடும்பங்கள் புதிய முகவரியைத் தெரிவிப்பதில்லை. சென்று சேராத புத்தகம் என்று தகவல் வந்ததும் பெயர் நீக்கப்படுகிறது. திட்டம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே முதலில் பட்டியலிலிருந்து விழுகிறார்கள். ஆகவே நீக்கப்பட்ட பெயர்களை மாதந்தோறும் எடுத்து, தொலைபேசியில் அழைத்து, கிடைக்காவிட்டால் பள்ளி வழியாகவோ உறவினர் வழியாகவோ தேடிப் பிடிக்க ஒருவர் வேண்டும். அலுப்பூட்டும் இந்த வேலைக்கு விருது எதுவும் கிடையாது.

மொழியும் ஒரு வரம்பு. நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அமெரிக்கப் பட்டியலில் சில நூல்கள் ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் சேர்ந்தவை. வீட்டில் வேறு மொழி பேசும் குடும்பங்களுக்கு, தமிழ்க் குடும்பங்கள் உட்பட, புத்தகம் வரும்; வீட்டு மொழியில் வராது.

புத்தகம் மட்டும் போதுமா

இந்தத் திட்டம் உண்மையில் பயன் தருகிறதா என்ற கேள்விக்குச் சான்றுகள் உண்டு. அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டிய சான்றுகள். நியூயார்க் மாநிலத்துச் சிராக்கியூஸில் செய்யப்பட்ட ஆய்வில், திட்டத்தில் நீண்ட நாள் இருந்த குடும்பங்களில் பெற்றோர் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது அதிகமாக இருந்தது. டென்னசியின் மெம்ஃபிஸ் பகுதியில், பதிந்திருந்த குழந்தைகள் கிண்டர்கார்டனில் சேரும்போது மற்றவர்களைவிட ஆயத்தமாக இருந்தார்கள். ஆனால் பதிவு செய்யும் பெற்றோர்கள் முதலிலேயே வாசிப்பில் அக்கறை உள்ளவர்களாக இருக்கலாம். எந்தப் பகுதி புத்தகத்தின் விளைவு, எந்தப் பகுதி பெற்றோரின் இயல்பு என்று பிரிப்பது கடினம்.

1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் தொடங்கிய ரீச் அவுட் அண்ட் ரீட் திட்டத்தை இங்கே ஒப்பிடுவது தகும். அதில் குழந்தை மருத்துவர் வழக்கமான பரிசோதனையின்போது புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுத்து, அது எப்படிப் புரட்டுகிறது என்று பார்த்து, எப்படி வாசித்துக் காட்டலாம் என்று தாய்க்குச் சொல்கிறார். புத்தகத்தோடு ஒரு மனிதக் குரலும் சேர்ந்து போகிறது. ஆண்டுக்குச் சில புத்தகங்களே கிடைத்தாலும், மருத்துவரின் வாய்ச்சொல்லுக்கு உள்ள எடை பெரிது. அஞ்சலில் வரும் புத்தகத்துக்கு எண்ணிக்கையும் ஒழுங்கும் உண்டு, வாய்ச்சொல் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் சங்க உறுப்பினர்களே. நூலகத்துக் கதை நேரத்தில் சென்று வாசிப்பது, தானே படிக்கத் தெரியாத பெற்றோரிடம் படங்களைக் காட்டிப் பேசினாலே போதும் என்று சொல்வது, இவற்றைச் செய்யும் சங்கம் புத்தகச் செலவை மட்டும் கட்டும் சங்கத்தைவிடப் பல மடங்கு பயன் தருகிறது என்பது என் மதிப்பீடு.

அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 2024இல் நான்காம் வகுப்பு மாணவர்களில் 31 விழுக்காட்டினரே வாசிப்பில் ‘தேர்ச்சி’ நிலையை எட்டினர். 40 விழுக்காட்டினர் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தனர். அத்தேர்வின் ‘தேர்ச்சி’ என்பது வகுப்பு நிலையைவிட உயர்ந்த அளவுகோல் என்பதை நினைவில் கொண்டாலும், இரண்டாவது எண் கவலைக்குரியதே. முப்பதாண்டு வயதுள்ள ஓர் அஞ்சல் திட்டம் இதைத் தடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. குழந்தை பள்ளிக்குப் போன பிறகு நடப்பது அதன் கையில் இல்லை.

அரசு கை கொடுக்கும்போதும் எடுக்கும்போதும்

டென்னசியைப் பின்பற்றி ஒஹையோ உள்ளிட்ட மாநிலங்கள் செலவில் பாதியை ஏற்கத் தொடங்கியது சங்கங்களுக்குப் பெரிய ஆறுதல். ஒரு டாலர் திரட்டினால் இரண்டு டாலருக்கான புத்தகம் போகும் என்பது நிதி திரட்டும் கூட்டத்தில் வலுவான வாதம். முன்பு துணிய முடியாத சிறிய சங்கங்களும் இதனால் துணிந்தன.

ஆனால் மாநில அரசுக்கும் வரவுசெலவுத் திட்ட ஆண்டு உண்டு. 2025இல் இண்டியானா மாநிலத்தின் ஈராண்டு நிதித் திட்டத்திலிருந்து இமேஜினேஷன் லைப்ரரிக்கான ஒதுக்கீடு விலக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும், ஆளுநர் மைக் பிரான் தம் மனைவி மொரீன் பிரானிடம் தனியார் நன்கொடை திரட்டும் பொறுப்பை ஒப்படைத்தார். பாதிச் செலவை மாநிலம் ஏற்கும் என்று நம்பிப் பதிவைப் பெருக்கிய உள்ளூர்ப் பங்காளிகளுக்கு அது எத்தகைய செய்தியாக வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஓராண்டுத் தலைவரின் நிலையாமையிலிருந்து தப்ப அரசின் தோளைப் பற்றியவர்கள், ஈராண்டுக்கு ஒருமுறை மாறும் மற்றொரு நிலையாமையில் வந்து நின்றார்கள்.

ஆகவே, இயக்குநர் குழுவின் மேசைக்கு இந்த முன்மொழிவு வரும்போது, புத்தகம் எவ்வளவு நல்லது என்பதில் விவாதத்தைச் செலவிட வேண்டியதில்லை. அதில் யாருக்கும் மறுப்பிருக்காது. தீர்மானத்தில் எழுத்தாக இடம்பெற வேண்டியவை வேறு. ஐந்தாம் ஆண்டுச் செலவின் மதிப்பீடு முதல் ஆண்டிலேயே பதிவாக வேண்டும். திட்டத்தின் பொறுப்பு தலைவரிடம் இல்லாமல், சங்க அறக்கட்டளையின் கீழ் பல ஆண்டுப் பதவிக்காலம் கொண்ட ஒரு குழுவிடம் இருக்க வேண்டும். மாநிலத்தின் பங்கு வராமற்போனால் ஓராண்டு தாக்குப்பிடிக்கும் இருப்புநிதி தனிக் கணக்கில் நிற்க வேண்டும். பணம் சுருங்கினால், ஏற்கெனவே பதிந்த குழந்தைகளுக்குப் புத்தகத்தை நிறுத்துவதா, புதிய பதிவை மூடிக் காத்திருப்போர் பட்டியல் தொடங்குவதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். என் பரிந்துரை இரண்டாவதுதான்: மூன்று வயதுவரை மாதந்தோறும் புத்தகம் பெற்ற குழந்தை அடுத்த மாதமும் அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்கும், இன்னும் பதியாத குழந்தைக்கு நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துத்தரச் சங்கத்தார் யாரேனும் போகலாம்.